மிஸ்ர சாபுவில் டிரம் மெஷின்: ஸ்விங் ஓர் ஆவர்த்தனம் சேர்கிறது, அடுத்ததில் பிசகுகிறது

தகிட_தகதிமி:

என்னிடம் இருப்பது ரோலண்ட் 808 வகை அனலாக் டிரம் மெஷின். 16 பட்டன்; பேட்டர்ன் 64 ஸ்டெப் (அடி வைக்கும் கட்டம்) வரை நீளும்; ஒவ்வொரு டிராக்குக்கும் தனி நீளம் வைக்கலாம்; ஆக்சென்ட் (ஓர் அடியை மட்டும் அழுத்திச் சொல்வது) எல்லா வாத்தியத்துக்கும் பொது. லேப்டாப்பில் பதிவு செய்யும் ஏபிள்டன் லைவ் மென்பொருளிலிருந்து யூஎஸ்பி மிடி வழியாக, மெஷினை அதே வேகத்தில் ஓட்டும் கிளாக் போகிறது. பாட்டு மிஸ்ர சாபு (ஏழு அட்சரத் தாளம்), சுருதி 5 கட்டை. மெஷினை முதலில் பதிவு செய்துவிட்டு அதன் மேல் மிருதங்கம் வாசிப்பதாகத் திட்டம்.

பேட்டர்ன் நீளம் 7 ஸ்டெப், டெம்போ 60, ஸ்விங் 58. ஏபிள்டனில் நாலு பீட் நீளமுள்ள ஷேக்கர் லூப் ஒன்று, அதற்கும் அதே 58. முதல் ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு சுற்று) அச்சாகச் சேர்கிறது. இரண்டாவதில் எல்லா அடியும் இரட்டை அடியாகக் கேட்கிறது. மூன்றாவதில் மறுபடி சரி. ஸ்விங்கை 50க்கு இறக்கினால் பிசகு போய்விடுகிறது, ஆனால் கட்டை மாதிரி விறைப்பாக இருக்கிறது.

இது தவிர, பதிவான அடி எல்லாமே ஏபிள்டனின் காலக் கோடுகளான கிரிட்டுக்குச் சுமார் 18 மில்லிசெகண்ட் பின்னால் விழுகிறது. கிக்கின் (கனத்த அடி டிரம்) வாலில் நொடிக்கு ஒரு முறை சத்தம் ஏறி இறங்குகிறது. ஸ்டூடியோ ஸ்பீக்கரில் கிக் நன்றாக இருக்கிறது, போனில் காணாமல் போகிறது. எதை முதலில் சரி செய்வது?

லயக்கணக்கு:

முதலில் ஸ்டெப் கணக்கை மாற்றுங்கள். மெஷினிலோ லேப்டாப்பிலோ கோளாறு எதுவும் இல்லை. ஸ்விங் என்பது இரண்டிரண்டு ஸ்டெப்பாக ஜோடி சேர்த்து, ஜோடியில் இரண்டாவதைத் தாமதப்படுத்துவது. உங்கள் மெஷின் பேட்டர்னுக்குள் எண்ணுகிறது: 2, 4, 6 தாமதம். 7க்கு ஜோடி இல்லை. அது தனியாக நின்று உடனே அடுத்த ஆவர்த்தனத்தின் 1 வந்துவிடுகிறது. டெம்போ 60இல் ஒரு ஸ்டெப், அதாவது கால் பீட், 250 மில்லிசெகண்ட், ஜோடி 500. 58 சதவீதம் என்றால் இரண்டாவது அடி 290இல், அதாவது 40 மில்லிசெகண்ட் தாமதமாக விழும்.

ஷேக்கர் லூப்போ பாட்டின் தொடக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டே போகிறது. இரண்டாவது ஆவர்த்தனத்தின் சமம் (முதல் அடி) அதற்கு 8ஆவது ஸ்டெப், இரட்டைப்படை. அதனால் மெஷின் தள்ளாத இடத்தை அது தள்ளுகிறது, மெஷின் தள்ளுகிற இடத்தை விட்டுவிடுகிறது. அடிக்கு அடி 40 மில்லிசெகண்ட் இடைவெளி இருந்தால் இரண்டு அடியாகத்தான் காதில் விழும். மூன்றாவது ஆவர்த்தனம் 15இல் தொடங்குவதால் திரும்ப ஒற்றைப்படை, சேர்ந்துவிடுகிறது.

பேட்டர்னை 14 ஸ்டெப் ஆக்கி இரண்டு ஆவர்த்தனத்தை அதில் அடைத்தால் போதும் என்று தோன்றும். அதைச் செய்யாதீர்கள். ஷேக்கரோடு சேரும், ஆனால் இரண்டாவது சமம் 8ஆவது ஸ்டெப்பில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு முறையும் 40 மில்லிசெகண்ட் தாமதமாக வரும். மிருதங்கக்காரர் அந்தச் சமத்தைக் கேட்டதும் கையை எடுத்துவிடுவார்.

செய்ய வேண்டியது, ஓர் அட்சரத்துக்கு இரண்டு ஸ்டெப் கொடுப்பது. டெம்போவை 120 ஆக்குங்கள், பேட்டர்ன் நீளம் 14, ஏபிள்டனில் 7/8. ஒரு ஸ்டெப் 125 மில்லிசெகண்ட், ஆவர்த்தனம் அதே 1.75 நொடி. இப்போது ஏழு அட்சரமும் ஒற்றைப்படை ஸ்டெப்பில் உட்காரும். ஸ்விங் அவற்றைத் தொடவே தொடாது, நடுவில் வரும் அரை அட்சரத்தை மட்டும் 20 மில்லிசெகண்ட் தள்ளும். 14 இரட்டைப்படை எண் என்பதால் ஷேக்கரின் ஜோடிக் கணக்கும் எந்த ஆவர்த்தனத்திலும் புரளாது. ஷேக்கர் லூப்பை மட்டும் இந்த அடர்த்திக்கு ஏற்றபடி, ஓர் அட்சரத்துக்கு இரண்டு தட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

தகிட 6 ஸ்டெப், தக 4, திமி 4. ஆக, தட்டு விழும் இடங்கள் 1, 7, 11. தொடங்குவதற்கு ஒரு பேட்டர்ன் (ரிம் என்பது டிரம் விளிம்பு அடி, ஹேட் என்பது ஹை-ஹேட் சிம்பல்):

கிக்: 1, 4, 10
ரிம்: 7, 11
மூடிய ஹேட்: 1, 3, 5, 6, 9, 13, 14
ஆக்சென்ட்: 1, 7, 11

ஹேட்டில் 7, 11 இரண்டையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். பழைய 808இலும் ஆக்சென்ட் இப்படித்தான்: அந்த ஸ்டெப்பில் ஒலிக்கும் எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்தும். ரிம்முக்காக 7இல் ஆக்சென்ட் போட்டால் ஹேட்டும் கூடவே கத்தும், தட்டு எது தாளம் எது என்று தெரியாமல் போகும். திறந்த ஹேட் வேண்டுமென்றால் 13இல் வைத்து மூடியதை அங்கே எடுத்துவிடுங்கள். 14இல் வரும் மூடிய ஹேட் அதை வெட்டிவிடும், சமத்துக்குச் சற்று முன்னால் ஒரு வாய் மூடல் கிடைக்கும். இரண்டையும் ஒரே ஸ்டெப்பில் வைக்காதீர்கள். மூடியது திறந்ததை வெட்டுவதால் ஒன்றுதான் ஜெயிக்கும்.

64க்குள் 14 நான்கு முறை அடங்கும்: 56. மூன்று ஆவர்த்தனம் இதே மாதிரி, நாலாவதில் மட்டும் 12, 13, 14இல் டாம் சேர்த்தால் தீர்மானம் போல ஒரு முடிப்பு வந்துவிடும். கண்ட சாபுவுக்கும் இதே வழிதான்: 10 ஸ்டெப், தட்டு 1, 5. திஸ்ர நடைக்கு நீளத்தை மாற்றிப் பயனில்லை, ஸ்கேல் சுவிட்சைத் திருப்பி பீட்டுக்கு மூன்று ஸ்டெப் என வைக்க வேண்டும்.

வயர்_பொட்டி:

மேலே சொன்னது சரி. நான் அந்த 18 மில்லிசெகண்டுக்கு மட்டும் வர்றேன்.

தாமதம்னு எல்லாரும் ஒரே பேர்ல சொல்றது மூணு வேற வேற வியாதி. எதுன்னு கண்டுபிடிக்க, ரிம் மட்டும் பீட்டுக்கு ஒண்ணா வெச்சு ரெண்டு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணுங்க. முதல் அடி, நடுவுல சில அடி, கடைசி அடி எல்லாத்தையும் பெருசாக்கிப் பாருங்க. எல்லாமே ஒரே அளவு பின்னாடி இருந்தா அது நிலையான தாமதம். முன்னயும் பின்னயும் ஆடினா கிளாக் நடுக்கம். போகப்போக விலகல் ஏறிக்கிட்டே போனா மெஷின் உங்க கிளாக்கைக் கேக்கவே இல்லன்னு அர்த்தம். கிளாக் சோர்ஸ் இன்டர்னல்ல இருக்கும், அதை மாத்துங்க.

நிலையான தாமதத்துக்கு மருந்து சுலபம். ஏபிள்டன் செட்டிங்ஸ்ல (பழைய பதிப்புல ப்ரிஃபரன்ஸ்) அந்த மிடி போர்ட்டுக்கு கிளாக் சிங்க் டிலேன்னு ஒரு எண் இருக்கு, அதுல மைனஸ் 18 போடுங்க. ஆனா பாட்டோட முதல் புள்ளியில அடி ஆரம்பிச்சா அதுக்கு முன்னாடி கிளாக் அனுப்ப இடமே இருக்காது, அதனால ஆரம்பத்துல ஒரு வெத்து பார் விடுங்க. இதைச் செய்ற நாள்ல பஃபர் அளவை (ஆடியோவை எத்தனை சாம்பிளா சேர்த்து அனுப்புதுங்கறது) ஒரே இடத்துல நிறுத்திடுங்க. 48 கிலோஹெர்ட்ஸ்ல 256 சாம்பிள்னா ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட், அதை 512 ஆக்கினா நீங்க அளந்த 18 செல்லாது.

நடுக்கம்தான் தொல்லை. மிடி கிளாக் பீட்டுக்கு 24 பல்ஸ், 120ல ஒரு பல்ஸுக்கு 20.8 மில்லிசெகண்ட். லேப்டாப் வேற வேலையில இருந்தா பல்ஸ் கொஞ்சம் முன்ன பின்ன கிளம்பும், மெஷினும் அப்படியே ஆடும். யூஎஸ்பி ஹப் இருந்தா எடுத்துடுங்க. ஆடியோ இன்டர்ஃபேஸ்ல 5 பின் மிடி அவுட் இருந்தா அதுக்கு மாறுங்க, அந்த போர்ட்ல கிளாக் தவிர வேற எதையும் அனுப்பாதீங்க. மிடி வயர்ல ஒரு நோட் போகவே கிட்டத்தட்ட 1 மில்லிசெகண்ட் ஆகும், பத்து நோட் ஒண்ணா வந்தா கிளாக் வரிசையில நிக்கலாம்.

இன்னும் துல்லியம் வேணும்னா மெஷின்ல அனலாக் கிளாக் இன் இருக்கான்னு பாருங்க. ஏபிள்டன்ல ஒரு ஆடியோ டிராக்ல சின்ன சின்ன பல்ஸா வெச்சு, இன்டர்ஃபேஸோட தனி அவுட்ல இருந்து அதுக்குள்ள விடலாம். ஆடியோவோட சேர்ந்தே போறதால நடுக்கம் ஒண்ணுமே இருக்காது. பீட்டுக்கு எத்தனை பல்ஸ் வேணும்னு மெஷின் செட்டிங்ல பாத்துக்கோங்க, சில கோர்க் பொட்டிக்கு 2, பழைய ரோலண்ட் சிங்க்குக்கு 24. லேப்டாப் ஹெட்போன் ஓட்டை பெரும்பாலும் பத்தாது, 5 வோல்ட் எதிர்பாக்குற மெஷின் அசையாது. இன்டர்ஃபேஸ் லைன் அவுட்டை முழுசா ஏத்துங்க. அப்பவும் அசையலன்னா பல்ஸோட போலாரிட்டியைத் திருப்பிப் பாருங்க.

பழைய மெஷின் வெச்சிருக்கிறவங்களுக்கு ஒண்ணு: சிங்க் ஓட்டையும் மிடி ஓட்டையும் பாக்க ஒரே 5 பின் மாதிரி இருக்கும், உள்ள வேற. சிங்க்ல 1 ஸ்டார்ட், 2 கிரவுண்ட், 3 கிளாக். மிடி ஓடுறது 4லயும் 5லயும். வயரை மாத்திச் சொருகிட்டு மெஷின் செத்துப்போச்சுன்னு நினைக்க வேண்டாம். சின்ன டிஆர்எஸ் மிடி ஓட்டைன்னா ஏ வகை, பி வகைன்னு ரெண்டு உண்டு, 4ம் 5ம் இடம் மாறியிருக்கும். 2018க்கு அப்புறம் ஏ வகைதான் நிலையான முறை, அதுக்கு முன்னாடி வந்த பொட்டிங்கள்ல ரெண்டும் கலந்து கெடக்கு.

கடைசியா, எல்லா தனி அவுட்டையும் ஒரே ஓட்டத்துல பதிவு பண்ணுங்க. கிக்குக்கு ஒரு தடவை, ஹேட்டுக்கு ஒரு தடவைன்னு ஓட்டினா ஒவ்வொரு தடவையும் நடுக்கம் வேற மாதிரி விழும், அப்புறம் கிக்கும் ஹேட்டும் ஒட்டவே ஒட்டாது. இன்டர்ஃபேஸ்ல ரெண்டே இன்புட்தான்னா ஒண்ணுல கிக், இன்னொண்ணுல மீதி மொத்தமும். பல மெஷின்ல தனி அவுட்ல ஜாக் சொருகினதும் அந்த வாத்தியம் மிக்ஸ்ல இருந்து தானா விலகிடும், அது வசதிதான்.

தொப்பி_வலந்தலை:

தம்பி, கிக்கின் வாலில் நொடிக்கு ஒரு ஏற்ற இறக்கம் என்றீர்களே, அதன் காரணம் உங்கள் சுருதியிலேயே இருக்கிறது. 5 கட்டைக்கு ஸட்ஜம் ஜி. கிக் விழும் ஸ்தாயியில் 49 ஹெர்ட்ஸ். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எர்த் லூப் (எர்த் இணைப்புகள் ஒரு சுற்றாகச் சேர்வது) வழியாக மெல்லிய ஹம், அதாவது மின்சார ரீங்காரம், உள்ளே வந்து கிக்கோடு கலந்தால் இரண்டுக்கும் வித்தியாசம் 1, அதனால் நொடிக்கு ஒரு அலை. கிக் ஒலிக்காதபோது ஹம்மைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள், அவ்வளவு சன்னமாக இருக்கும்.

ஈக்யூவில் 50ஐ வெட்டினால் கிக்கும் கூடவே போய்விடும். மூலத்தில்தான் அடைக்க வேண்டும். லேப்டாப் சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ஹம் நின்றால் லூப் சார்ஜர், யூஎஸ்பி வழியாகச் சுற்றுகிறது. மெஷினுக்குப் போகும் யூஎஸ்பி வயரை எடுத்துவிட்டு 5 பின் மிடிக்கு மாறினால் பாதித் தொல்லை அதிலேயே தீரும். மிடி இன்புட்டில் சிக்னலை ஒளி வழியாகக் கடத்தும் ஆப்டோ கப்ளர் இருப்பதால் கிரவுண்ட் சேராது. மெஷின், இன்டர்ஃபேஸ், ஸ்பீக்கர் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகுங்கள். அப்படியும் நிற்காவிட்டால் கிக் அவுட்டுக்கும் இன்டர்ஃபேஸுக்கும் நடுவில் கிரவுண்ட் லிஃப்ட் உள்ள டிஐ பாக்ஸ். பிளக்கின் எர்த் பின்னை மட்டும் ஒருநாளும் உடைக்காதீர்கள். மேடையில் பலர் செய்கிற காரியம் அது. மைக்கைத் தொடுகிறவருக்கு உயிராபத்து.

கிக்கைச் சுருதி சேர்ப்பது: மெஷினை 15, 20 நிமிடம் சூடாக விடுங்கள், அனலாக் சர்க்யூட் குளிரில் வேறு இடத்தில் நிற்கும். டிகேயை (ஒலி தேய்ந்து அடங்கும் நேரம்) முழுவதும் திறந்து ஓர் அடி பதிவு செய்யுங்கள். அடியின் தலையில் சுருதி சற்று மேலே தாவி இறங்கும், அதைக் கணக்கில் எடுக்காமல் வாலை மட்டும் பாருங்கள். போன் ட்யூனர்கள் இவ்வளவு கீழே தடுமாறும். பதிவு செய்ததை ஒரு ஸ்தாயி மேலே ஏற்றி 98 ஹெர்ட்ஸில் சோதித்தால் பளிச்சென்று காட்டும். அசல் 808இல் கிக்குக்கு ட்யூன் குமிழ் கிடையாது, லெவல், டோன், டிகே மட்டும்தான். உங்கள் மெஷினும் அப்படியென்றால் பதிவு செய்த அடியை சாம்ப்ளரில் போட்டு, வார்ப்பை (டெம்போவுக்கு ஏற்ப ஒலியை நீட்டிச் சுருக்கும் வசதி) அணைத்துவிட்டு, செமிடோன் கணக்கில் ஏற்றி இறக்குங்கள்.

49 மிகவும் கீழே என்று பட்டால் பஞ்சமத்துக்குப் போகலாம், 73.4 ஹெர்ட்ஸ். ராகத்தில் பஞ்சமம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு. ஹிந்தோளத்திலோ ஸ்ரீரஞ்சனியிலோ மெட்டு இருந்தால் அடிக்கு அடி அந்நிய ஸ்வரம் ஒலித்துக்கொண்டே இருக்கும்.

போனில் கேட்காததற்குக் காரணம், அந்தச் சின்ன ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. லெவலை ஏற்றிப் பயனில்லை. கிக் டிராக்கை இன்னொரு பிரதி எடுத்து அதில் சாச்சுரேஷன் (மெல்லிய டிஸ்டார்ஷன்) போட்டு, 100க்குக் கீழே வெட்டி, அசலுக்கு அடியில் மெதுவாகக் கலக்குங்கள். சமச்சீரான டிஸ்டார்ஷன் ஒற்றைப்படை மடங்குகளைத் தரும்: 147, 245. சமச்சீர் இல்லாத வகை 98, 196 இரண்டையும் சேர்க்கும். இப்படி வரும் மடங்குகளில் 200க்கு மேல் இருப்பவற்றைப் போன் ஒலிக்கும், அடிச்சுருதியைக் காது தானே நிரப்பிக்கொள்ளும். இரண்டு டிராக்கும் ஒன்றையொன்று வெட்டாமல் இருக்கிறதா என்று ஃபேஸைத் திருப்பிப் பார்த்து, சத்தம் கனமாக இருக்கும் பக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமாக நான் நினைப்பது மிருதங்கம். அதன் வலப்பக்கமான வலந்தலை சுருதிக்குச் சேர்த்தது. கிக் கால் கட்டை விலகியிருந்தாலும் இரண்டும் சண்டை போடும். இடப்பக்கமான தொப்பி வேறு கிக்கின் இடத்திலேயே உட்காரும். தொப்பியின் கும்கி (சறுக்கி எழும் கீழ்நாதம்) கேட்க வேண்டுமென்றால் கிக்கின் டிகேயைக் குறைத்து, அடுத்த அட்சரம் வருவதற்குள், அதாவது 250 மில்லிசெகண்டுக்குள் அடங்கும்படி வையுங்கள். நீண்ட 808 வாலும் தொப்பியும் ஒரே பாட்டில் சேர்ந்து வாழாது. ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மிருதங்கம் முழுக்க வருகிற பாட்டென்றால் நான் கிக்கைத்தான் விட்டுக்கொடுப்பேன்.

ஸ்டெப்_எண்ணி:

விறைப்பு பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லை. 58 ஏன் என்று முதலில் கேட்க வேண்டும். ரோஜர் லின் 1980இல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினில் ஸ்விங் 50, 54, 58, 62, 66, 70 என்று படிப்படியாகத்தான் இருந்தது. ஒரு பீட்டை 48 பங்காக்கினால் ஸ்டெப் ஜோடிக்கு 24 பங்கு. ஒரு பங்கு நகர்த்தினால் ஏறக்குறைய 4 சதவீதம். அந்த எண்கள் அப்படி வந்தவை, அவற்றில் மந்திரம் எதுவும் இல்லை. 66 என்றால் திஸ்ரம். சதுஸ்ர ஓட்டத்தில் இருக்கும் மெட்டுக்கு 62க்கு மேல் போனால் நடை மாறியதாகவே காதுக்குப் படும். 120இல் 14 ஸ்டெப் என்றால் 54இலிருந்து தொடங்குங்கள், 10 மில்லிசெகண்ட் தள்ளல். பெரும்பாலும் அதுவே போதும்.

ஹியூமனைஸ் பட்டனை அழுத்தச் சொல்லி யாராவது வருவார்கள். வேண்டாம். அது அடிகளைக் குருட்டாம்போக்கில் சிதறடிக்கும். நல்ல வாசிப்பில் தாமதம் குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட அளவில், ஆவர்த்தனத்துக்கு ஆவர்த்தனம் திரும்ப வரும். ரிம்மை 7இல் இருக்கும் இடத்திலேயே விடுங்கள், 11ஐ மட்டும் 6 மில்லிசெகண்ட் பின்னால் இழுத்துப் பாருங்கள். ஹேட்டின் 6, 14 இரண்டும் மற்றவற்றைவிட பாதி சத்தத்தில் இருக்கட்டும். மெஷினில் ஸ்டெப் வாரியாக சத்தம் மாற்ற வழியில்லை என்றால், பதிவுக்குப் பிறகு ஹேட் டிராக்கில் அந்த இரண்டு இடத்திலும் வால்யூமை இறக்கினால் ஆயிற்று. விறைப்பு என்று சொல்லப்படுவதில் பெரும்பங்கு இந்தச் சத்த அளவுதான், நேரத்தின் பங்கு குறைவு. லயக்கணக்கு கொடுத்த பேட்டர்னை ஸ்விங்கே இல்லாமல், சத்தத்தை மட்டும் சரிசெய்து முதலில் கேளுங்கள்.

ரிம்முக்குப் பதில் க்ளாப் வைப்பவர்களுக்கு: 808 க்ளாப் ஒரே அடி அல்ல, வேகமான சில வெடிப்புகளும் ஒரு வாலும் சேர்ந்தது. காது அதன் கனத்தை முதல் வெடிப்புக்குக் கொஞ்சம் பின்னால்தான் உணரும். கிரிட்டில் சரியாக வைத்தாலும் சோம்பலாகத் தெரியும். 10 மில்லிசெகண்ட் முன்னால் இழுங்கள்.

தனி டிராக் நீளம் இருக்கிறது என்றீர்களே, அதை ஏன் சும்மா வைத்திருக்கிறீர்கள்? கிக், ரிம் 14இலேயே இருக்கட்டும், கவ்பெல்லை 8 ஸ்டெப் ஆக்கி 1, 4, 7இல் அடியுங்கள். 14க்கும் 8க்கும் பொது மடங்கு 56, ஆகவே நாலு ஆவர்த்தனத்துக்கு ஒருமுறை சமத்தில் வந்து சேரும். கோர்வை முடிவது போன்ற உணர்வு தானாக வரும்.

தகிட_தகதிமி:

14 ஸ்டெப்பில் ஷேக்கர் சேர்ந்துவிட்டது. 54இல் நிறுத்தியிருக்கிறேன். யூஎஸ்பி வயரைக் கழற்றி 5 பின்னுக்கு மாறியதும் ஹம்மும் போய்விட்டது. ஸ்டெப்_எண்ணி சொன்ன 8 ஸ்டெப் கவ்பெல்லில் மட்டும் ஒரு சிக்கல்: பாட்டை நடுவிலிருந்து ஓட்டினால் கவ்பெல் வேறு இடத்தில் விழுகிறது. கிக், ரிம் சரியாகவே இருக்கின்றன.

வயர்_பொட்டி:

ஏபிள்டன் நடுவுல இருந்து கிளம்பும்போது 'இத்தனாவது ஸ்டெப்ல இருக்கோம்'னு ஒரு செய்தி அனுப்பும், 6 கிளாக்குக்கு ஒண்ணுங்கற கணக்குல. சில மெஷின் அதைக் கேட்டு ஒவ்வொரு டிராக்குக்கும் தனித்தனியா இடம் கணக்குப் போடும். பல மெஷின் கண்டுக்காம எல்லாத்தையும் 1ல இருந்து ஆரம்பிச்சிடும். உங்களுது ரெண்டாவது ரகம். நீங்க பார் தொடக்கத்துல இருந்து ஓட்டுறதால 14 ஸ்டெப் டிராக் தற்செயலா சரியா விழுது, 8 விழல.

7/8ல ஒரு பார் 14 ஸ்டெப், 56க்கு நாலு பார். அதனால 1, 5, 9, 13ன்னு நாலு நாலு பார் தள்ளி லொக்கேட்டர் (ஏபிள்டன்ல இடக்குறி) வெச்சு அங்க இருந்து மட்டும் ஓட்டுங்க. ஆரம்பத்துல வெத்து பார் விடச் சொன்னேன் இல்லையா, அதை ஒண்ணுக்குப் பதிலா நாலு பாரா விட்டுடுங்க, கணக்கு மாறாது. எடிட்டிங்ல நடுவுல ஒரு பார் வெட்டினா அதுக்கப்புறம் இது செல்லாது, அதனால கவ்பெல்லை முதல் வேலையா ஆடியோவாப் பதிவு பண்ணிட்டு அப்புறம் வெட்டுங்க.